பரணில் விட்டுவந்த கயிற்றை நம்பி ஏறலாமா?

கேள்வி: மிச்சிகனில் இருக்கிறேன். நண்பரின் நிலத்தில், ஓக் மரத்தில் இருபது அடி உயரத்தில் மான் வேட்டைக்காக ட்ரீ ஸ்டாண்ட் (உட்கார்ந்து காத்திருக்கும் பரண்) கட்டியிருக்கிறேன். ஏறி இறங்கும்போது ஹார்னஸை (உடம்பில் பூட்டும் பாதுகாப்புக் கச்சை) மாட்டிக்கொள்ள, மேலிருந்து கீழே தொங்கும் லைஃப்லைன் கயிறும் உண்டு. போன சீசன் முடிந்ததும் அதை அவிழ்க்கவில்லை, இன்னும் மரத்திலேயே தொங்குகிறது. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இந்த அக்டோபரிலும் அதையே பயன்படுத்தலாமா? புதிது வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பயன்படுத்த வேண்டாம், இறக்கிவிடுங்கள். இறக்குவதற்காக ஏறும்போதும் அந்தக் கயிற்றை நம்பாதீர்கள். மரத்தைச் சுற்றிப் போடும் லைன்மேன் பெல்ட்டோடு ஏறுங்கள், கீழே ஒருவர் நிற்கட்டும்.

சீசன் நடக்கும்போது கயிறு மரத்தில் இருப்பதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. உங்கள் ஊரில் அக்டோபர் 1-இல் வில் வேட்டை, நவம்பர் 15-இல் துப்பாக்கி, டிசம்பரில் மறுபடி வில். அந்த மாதங்களில் வெயிலுக்கு உறைப்பு குறைவு, நீங்களும் அடிக்கடி போய்ப் பார்க்கிறீர்கள். ஆபத்து மிச்ச ஒன்பது மாதத்தில் இருக்கிறது. கோடையில் இலை மறைக்குமே என்பீர்கள். ஓக் இலை முழுதாக விரிவதற்குள் வசந்தகால வெயில் நேராக விழுந்துவிடும். நைலானைப் புற ஊதாக் கதிர் மெல்ல அரிக்கும். ஏறும் கயிறுகளில் வெளியே பின்னிய உறை, உள்ளே பாரம் தாங்கும் திரிகள் என்று இரண்டு பகுதி உண்டு. உறை வெயிலைத் தடுப்பதால் உள்திரி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஹார்னஸை லைஃப்லைனோடு இணைக்க ப்ரூசிக் முடிச்சுப் (தள்ளினால் நகரும், பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கும்) போட்டிருக்கும் சிறு கயிறு மெல்லியது. உங்கள் உயிர் அதில்தான் தொங்குகிறது, முதலில் கெடுவதும் பெரும்பாலும் அதுவே. ஸ்டாண்டை மரத்தோடு கட்டியிருக்கும் பட்டைகளுக்கு உறையே கிடையாது. கயிற்றைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள், அந்தப் பட்டைகளையும் மாற்றுங்கள்.

வெயில் மட்டுமல்ல. காற்றில் மரம் ஆட ஆட, கட்டிய இடத்தில் கயிறு மரப்பட்டையில் உரசிக்கொண்டே இருக்கும். மரம் பருக்கும், முடிச்சு இறுகும். கை வியர்வையின் உப்புக்காக அணிலும் எலியும் கடிக்கும். இவை எல்லாம் தலைக்கு மேலே, முடிச்சுக்குப் பின்புறம் நடப்பவை. தரையில் நின்று பார்த்தால் கயிறு நன்றாகத்தான் தெரியும்.

‘இழுத்துப் பார்த்தேன், தொங்கிப் பார்த்தேன், தாங்கியது’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது சோதனையே இல்லை. 80 கிலோ ஆள் அசையாமல் தொங்கினால் கயிற்றில் விழும் விசை சுமார் 0.8 கிலோநியூட்டன். கால் வழுக்கி இரண்டடி விழுந்தாலே அது பல மடங்காகிவிடும். அதனால் ப்ரூசிக் முடிச்சை எப்போதும் தலைக்கு மேலேயே தள்ளிக்கொண்டு ஏறுங்கள், விழும் தூரம் குறையும்.

இனி வாங்குவது. பாறையேற்றத்துக்கான டைனமிக் கயிறு (லேபிளில் ‘இஎன் 892’ என்றிருக்கும்) நீண்ட வீழ்ச்சியின் அதிர்ச்சியை வாங்குவதற்காக இழுபடும்படி செய்தது. உங்களுக்கு அது தேவையில்லை. அது நைலான், நனைந்தால் பலமும் குறையும். மழையிலும் பனியிலும் கிடக்கப்போகும் கயிறு என்றால் இழுபாடு குறைந்த பாலியெஸ்டர் கயிறு மேல். ஈரம் அதன் பலத்தைக் குறைக்காது, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். வேட்டைக் கடைகளில் முப்பதடி லைஃப்லைன் ப்ரூசிக்கும் கேரபினரும் (மாட்டும் உலோக வளையம்) சேர்த்தே கிடைக்கிறது. எதனால் செய்தது, எந்த வருடம் செய்தது என்று லேபிளில் இல்லாவிட்டால் விலை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். ஹார்னஸுக்கும் காலாவதி உண்டு. பல தயாரிப்பாளர்கள் ஐந்து வருடம் என்கிறார்கள். ஒருமுறை விழுந்து அது உங்களைத் தாங்கிவிட்டால் அன்றோடு அதன் வேலை முடிந்தது.

சீசன் முடிந்ததும் இறக்கி, சேறு போகக் கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள். கராஜில் கார் பேட்டரி பக்கம் வேண்டாம், அதன் அமிலம் நைலானைக் கண்ணுக்குத் தெரியாமல் கெடுக்கும். அடுத்த வருடம் மாட்டுமுன் கயிறு முழுவதையும் விரலிடையில் ஓடவிட்டுப் பாருங்கள். எங்காவது தட்டையாக, பொதபொதவென்று, அல்லது கட்டியாக விரலில் பட்டால், உறை பிய்ந்து உள்திரி தெரிந்தால், தூக்கிப்போடுங்கள். முடிச்சுக்குள் மறைந்திருந்த பகுதியின் நிறத்தோடு வெளிப்பகுதியை ஒப்பிட்டால் எவ்வளவு வெயில் குடித்திருக்கிறது என்று தெரியும். உறைபனிக் காலையில் கயிற்றில் ஐஸ் படிந்திருந்தால் ப்ரூசிக் பிடிக்காமல் வழுக்கலாம். ஏறுமுன் தரையருகே ஒருமுறை பாரம் கொடுத்து, முடிச்சு கடிக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் நண்பர் ஏறும் பயிற்சிக்கூடத்தில் கழித்துவிட்ட கயிறு ஒன்றைச் சும்மா தருகிறேன் என்கிறார். லைஃப்லைனுக்கு வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: அவர்களே கழித்துவிட்டார்கள், அப்புறம் என்ன? எத்தனை பேர் அதில் விழுந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வில்லையும், குண்டு அகற்றிய துப்பாக்கியையும் மேலே இழுக்க வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் லைஃப்லைனோடு குழம்பாமலிருக்க இரு நுனியிலும் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.