மறு: ஞாயிறு மட்டும்தான் ஓய்வு, மெரினா பே அலுத்துவிட்டது

வணக்கம் நண்பரே. ஞாயிறு மட்டும்தான் ஓய்வு, மெரினா பே அலுத்துவிட்டது, புகைப்படம் எடுக்க ஒன்றும் தோன்றவில்லை, கூட வரவும் ஆளில்லை என்கிறீர்கள். வாரம் ஓர் இடமாக அலையாதீர்கள். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பஃபலோ சாலைப் பூக்கடைகளை மட்டும் இரண்டு மாதம் எடுங்கள், ஒரே 35 மி.மீ. லென்ஸில்.

காலை ஏழரைக்குப் போனால் வெயில் சாய்வாக விழும். ஐந்தடி நடைபாதையின் (கடை முன் கூரையிட்ட நடைபாதை) இருட்டைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மல்லிகை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். கேமராவில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.7 என்று இறக்கி வையுங்கள். சரம் கட்டும் விரல்கள் 1/60 நொடி ஷட்டர் வேகத்தில் கலங்கும், 1/250 நொடி வேண்டும். ஏசி ரயிலிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். இருபது நிமிடம் பையைத் திறக்காதீர்கள். முதலில் "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். மறுவாரம் 4ஆர் (4×6 அங்குல) பிரிண்ட் ஒன்றைக் கையில் கொடுங்கள், பேச்சு தானாக வளரும்.

துணைக்கு மிடில் சாலையில் உள்ள புகைப்பட, திரைப்பட மையமான அப்ஜெக்டிஃப்ஸ் போய்ப் பாருங்கள்; பயிலரங்கில் சேர்ந்தால் ஒத்த ஆர்வமுள்ளவர்கள் கிடைப்பார்கள். 1950இல் தொடங்கிய சிங்கப்பூர் புகைப்படச் சங்கமும் உண்டு. பத்துப் பிரிண்ட்களைக் கையோடு கொண்டுபோய், "இதில் எந்த மூன்றை நீக்கலாம்?" என்று கேளுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லாரும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள்.