சட்ட ஆலோசனை: ஏரிக்குள் நிற்கும் படகுத்துறை யாருடையது?

கேள்வி: (ஆறு பக்கக் கடிதம். சுருக்கித் தருகிறேன்.) கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி பக்கம் ஓர் ஏரியை ஒட்டி 2018-ல் 18 சென்ட் மனை வாங்கி வீடு கட்டினோம். மொத்தம் 12 மனைகள். ‘ஏரிக்கரை மனை, வீட்டுக்கு ஒரு படகுத்துறை’ என்று விளம்பரம் செய்துதான் விற்றார்கள். 2019-ல் இரும்புக் குழாயும் பிளாஸ்டிக் டிரம்மும் வைத்து 40 அடி நீளத்துக்குத் துறை போட்டோம். ஒரு ஃபைபர் படகும் இரண்டு காயாக்கும் இருக்கின்றன. சனி, ஞாயிறு விருந்தினர்களும் வருவார்கள். டிசம்பரிலேயே மதகைத் திறந்து தண்ணீரை விட்டுவிடுகிறார்கள், படகு சேற்றில் உட்கார்ந்துவிடுகிறது. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஏரியை மூடிவிட்டன. ‘முதல்வரின் முகவரி’யில் மனுப் போட்டோம். களை எடுக்க யாரும் வரவில்லை, சர்வேயர்தான் வந்தார். இப்போது துறையை 21 நாளில் அகற்றச் சொல்லி எங்களுக்கே நோட்டீஸ். பக்கத்து விடுதிக்காரர் கான்கிரீட்டில் கட்டியிருக்கிறார், அவரைக் கேட்பார் இல்லை. எங்கள் சங்கத்துப் பையன்கள் கலிங்கலில் (ஏரியின் உபரி நீர் வழிந்தோடும் இடம்) மணல் மூட்டை அடுக்கியதற்கு விவசாயிகள் சண்டைக்கு வருகிறார்கள். மார்ச் வரை தண்ணீரை நிறுத்தவும், களை எடுக்கவும், துறையைக் காப்பாற்றவும், விடுதிக்காரர் துறையை இடிக்கவும் சேர்த்து உயர் நீதிமன்றத்தில் ஒரே ரிட் மனு போட முடியுமா?

பதில்: கிரயப் பத்திர நகலை இணைத்தது நல்லதாகப் போயிற்று. ஆறு பக்கத்தைவிட அதில் ஒரு வரிதான் எனக்குத் தேவைப்பட்டது. சொத்து விவரத்தில் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை: ‘கிழக்கில் சர்க்கார் ஏரி’. உங்கள் மனை அந்த வரியோடு முடிகிறது. துறை அதற்கு அப்பால் தொடங்குகிறது. வழக்கு இவ்வளவுதான்.

ஏரியின் தரை அரசுச் சொத்து என்று 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவே சொல்கிறது. விற்றவருக்கு இல்லாத உரிமையை அவர் உங்களுக்கு விற்க முடியாது. நியாயமாகப் பார்த்தால் அவர் விற்கவும் இல்லை. துறை விளம்பரத் தாளில் இருக்கிறது, பத்திரத்தில் இல்லை. இன்னொன்று, அது ஏரிக்கரை மனையே அல்ல. கரை என்பது மதகும் கலிங்கலும் இருக்கும் பக்கம். நீங்கள் இருப்பது உள்வாய் பக்கம், அதாவது ஏரி நிரம்பும்போது தண்ணீர் ஏறிவரும் பக்கம். இந்த மாதிரி மனைகளைச் சித்திரையில்தான் காட்டுவார்கள். தண்ணீர் எங்கோ தூரத்தில் பளபளக்கும், நடுவில் புல்வெளி மாதிரி காய்ந்த தரை கிடக்கும். கார்த்திகையில் அதே தண்ணீர் வாசற்படிக்கு வரும். ஏரியின் எல்லை அன்றைக்குத் தண்ணீர் நிற்கும் இடம் என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்கிறார். அளக்க வருகிறவர் புலப்படத்தையும் (அரசின் நில அளவைப் படம்) முழு நீர்மட்டத்தையும் பார்க்கிறார்.

டிரம் மிதக்கிறது, அஸ்திவாரம் கிடையாது, ஆகவே ஆக்கிரமிப்பு ஆகாது என்கிறீர்கள். சரி, இரும்புக் குழாய் எதில் ஊன்றியிருக்கிறது? ஆறு வருட அனுபவம் என்ற பேச்சும் வேண்டாம். அரசு நிலத்தில் அனுபவ பாத்தியதை கேட்க 30 வருடம் வேண்டும், நீர்நிலையில் அதுவும் எடுபடாது. குளம் குட்டைகளைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் சொன்னது. எத்தனை வருட ஆக்கிரமிப்பாக இருந்தாலும், எவ்வளவு செலவு செய்து கட்டியிருந்தாலும் முறைப்படுத்தக் கூடாது என்று 2011-ல் இன்னும் அழுத்தமாகச் சொன்னது.

மற்ற குறைகளை வேகமாகக் கடந்துவிடலாம். தண்ணீரை மார்ச் வரை நிறுத்தும்படி எந்த நீதிபதியும் உத்தரவிட மாட்டார். இதே மாவட்டத்து வீராணம் ஏரியின் முழு நீர்மட்டம் 47.50 அடி. அந்த அளவு தண்ணீர் எப்போது நிற்கலாம், எப்போது இறங்க வேண்டும் என்பதை மழையையும் வரத்தையும் பார்த்து நீர்வளத்துறைதான் முடிவு செய்கிறது. உங்கள் ஏரிக்கும் அப்படித்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் கடலூருக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள் இந்த மாவட்டத்து அதிகாரிகள். ஏரியில் தண்ணீர் கேட்கும் உரிமை ஆயக்கட்டுதாரருக்கு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலத்துக்காரருக்கு உண்டு. படகு ஓட்டுகிறவருக்குக் கிடையாது. களை வளர்ந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம், அவர்கள் நிதி வந்தால் எடுப்பார்கள். விடுதிக்காரர் கட்டியது தப்புதான். அவர் தப்பு உங்கள் தப்பைச் சரியாக்காது.

இனி நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நோட்டீஸைவிட எனக்குப் பயம் நோட்டீஸுக்கு நீங்கள் எழுதப்போகும் பதில்தான். கலெக்டர் அலுவலக வாசலில் ஒருவர் அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுப்பார்: ‘ஐயா, மேற்படி இடத்தை நாங்கள் ஆறு வருடமாக அனுபவித்து வருகிறோம். எங்களுக்குக் குத்தகைக்கோ ஒப்படையாகவோ வழங்கத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ படிக்கப் பணிவாக இருக்கும். அந்த ஒரே பத்தியில் இடம் அரசுடையது, அதில் இருப்பது நாங்கள், எங்களிடம் உரிமை இல்லை என்று மூன்றையும் நீங்களே ஒப்புக்கொண்டாகிவிட்டது. அப்புறம் எந்த வக்கீலிடம் போனாலும் அரசுத் தரப்பு அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டும். பி மெமோ (ஆக்கிரமித்தவருக்குத் தண்டம் போடும் அரசு நோட்டீஸ்) கதையும் இதேதான். தண்டம் கட்டிய ரசீதுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உரிமைப் பத்திரம் மாதிரி பத்திரமாக என் மேஜையில் வைத்த கட்சிக்காரர்களை எண்ணி முடியாது. ஆக்கிரமித்தேன் என்பதற்கு அரசு கொடுத்த சான்று அது. மின் இணைப்பு ரசீதும் வீட்டு வரி ரசீதும் அப்படித்தான்.

அடுத்தது நீங்கள் ஆசைப்படும் ரிட். போடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆக்கிரமிப்பை அகற்று என்று ஏரி வழக்கு ஒன்று போய்விட்டால் நீதிமன்றம் பெரும்பாலும் ஒருவர் துறையோடு நிற்காது. ஏரி முழுவதையும் அளந்து, யாராக இருந்தாலும் அகற்றி, அறிக்கை தாக்கல் செய் என்று சொல்லும். சிதம்பரம் பக்கத்திலிருந்து ஒரு கட்சிக்காரர் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஏரிக்குள் சுவர் எழுப்பிவிட்டார் என்று பொதுநல வழக்கு, நான் வேண்டாம் என்று சொல்லியும் வேறொருவரை வைத்துப் போட்டார். உத்தரவு அவருக்குச் சாதகமாகத்தான் வந்தது. சர்வேயர் நட்ட எல்லைக் கல் அவருடைய மாட்டுக்கொட்டகையைத் தாண்டி, சமையலறை வாசலுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. சுவர் போனது, கொட்டகை போனது, சமையலறையில் பாதி போனது. வழக்குப் போட்டவரே அவர் என்பதால் தடை கேட்கவும் வாயில்லை. உங்கள் மனுவே சர்வேயரை உங்கள் வாசலுக்குக் கூட்டிவந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் வீட்டின் கிழக்குத் திண்ணைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு ஆள் படுக்கும் இடம்தான் இருக்கிறது. இப்போது பிரச்சினை துறையில் நிற்கிறது. அதைத் திண்ணை வரைக்கும் கொண்டுவந்துவிடாதீர்கள்.

களையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பொக்லைன் வைத்தா? பொக்லைன் களையை மட்டும் அள்ளாது, மண்ணையும் சேர்த்து அள்ளும். அந்த மண் உங்கள் மனையைப் பள்ளம் நிரவப் போகும். அதை யாராவது ஒருவர் செல்போனில் படம் எடுப்பார். அனுமதி இல்லாமல் மண் அள்ளியதாக 1957-ஆம் ஆண்டு கனிமச் சட்டத்தில் வழக்கு, வண்டி பறிமுதல், வண்டிக்காரர் உங்கள் வீட்டு வாசலில். மருந்தும் அடிக்காதீர்கள். 2,4-டி தெளித்தால் ஆகாயத்தாமரை காயும். காய்ந்தது மொத்தமாகத் தண்ணீரில் அழுகும்போது ஆக்ஸிஜன் இறங்கி மீன் செத்து மிதக்கும். ஏரியில் மீன் பாசி குத்தகை எடுத்தவர் ஒருவர் இருப்பார், அவருக்கு நஷ்டக் கணக்கு எழுதத் தெரியும்.

ஆகவே என் யோசனை சமாதானம்தான், அதுவும் இந்த வாரமே. இதைப் படிக்கும்போது கெடுவில் பத்து நாள்கூட மிச்சமிருக்காது. துறையை நீங்களே கழற்றுங்கள். நல்ல வேளை, கான்கிரீட் போடவில்லை. குழாயும் டிரம்மும் உங்கள் சொத்தாகவே திரும்பி வரும், இடிப்புச் செலவும் உங்கள் தலையில் விழாது. கழற்றியதைத் தேதியோடு படம் எடுத்து நான்கு வரிப் பதில் கொடுங்கள்: கட்டமைப்பு அகற்றப்பட்டது, எங்கள் பட்டா எல்லை குறித்த உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை, அளப்பதானால் எங்கள் முன்னிலையில் அளக்கவும். ‘அனுபவித்து வருகிறோம்’, ‘குத்தகை’, ‘கருணை’ என்ற சொற்கள் அதில் வரக்கூடாது. அகற்றுவதற்கு முன் விளக்கம் கேட்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2010-ல் சொல்லியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் இழுக்கலாம். இழுத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

காயாக்கைத் தோளில் தூக்கிப்போய்த் தண்ணீரில் இறக்குகிறவருக்கு யாரும் நோட்டீஸ் கொடுத்து நான் பார்த்ததில்லை. அது உரிமை என்று எழுதித் தரவும் மாட்டேன். காசு வாங்கி விருந்தினரை ஃபைபர் படகில் ஏற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். அனுமதி இல்லாத ஏரியில் ஒரு குழந்தை தவறி விழுந்தால் நீங்கள் நிற்கப்போவது கிரிமினல் கோர்ட்டில்.

கோபம் இருக்கிறது, அதற்கு ஓர் இடமும் இருக்கிறது. மனை விற்றவர் மீது திருப்புங்கள். 2018-ல் 12 மனை போட்டவர் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விளம்பரத்தில் பொய் சொல்லிப் பணம் வாங்கினால் நஷ்ட ஈடு என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வண்ண விளம்பரத் தாளின் அசலைத் தேடி எடுத்து வையுங்கள். உங்கள் கையில் இருப்பதில் ஜெயிக்கக்கூடிய காகிதம் அது ஒன்றுதான். பன்னிரண்டு பேரும் சேர்ந்து போனால் அவர் பேச வருவார். பெரிதாக எதிர்பார்க்காமல் கிடைப்பதை வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள்.

கடைசியாக அந்த மணல் மூட்டைகள். கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ தூக்கம் போயிற்று. கலிங்கலை அடைத்து மேல்புறத்து நிலத்தில் தண்ணீர் ஏறினாலோ, பாசனத்துக்குப் போகும் நீர் குறைந்தாலோ புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை சிறை. அடுக்கியது பையன்கள் என்றாலும் மூட்டை வாங்கிய கணக்கு உங்கள் சங்க நோட்டில் இருக்கும். இராத்திரியில் யாரையும் அனுப்பாதீர்கள், கரையை உடைக்க வந்தார்கள் என்று அதுவே வேறொரு புகாராகும். பாசன விவசாயிகள் சங்கத் தலைவரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், ஏரி லஸ்கரையும் (மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) வைத்துக்கொண்டு, பகலில் எடுங்கள். எடுத்து முடிந்ததும் களையை எப்போது, எப்படி எடுக்கலாம் என்று தலைவரிடமே கேளுங்கள். அவர் சங்கம் கேட்டால் உதவிப் பொறியாளர் எழுத்தில் அனுமதி கொடுப்பார், ஆள் கூலியில் பாதியை நீங்கள் பன்னிரண்டு பேரும் போட்டுக்கொள்ளலாம்.