48 இல்லை, 30: பூஜ்ஜியத்தைத் தனியாகப் பாருங்கள்

0, 1, 2, 3, 4 கொண்டு, இலக்கம் திரும்ப வராத மூன்றிலக்க இரட்டைப்படை எண்களுக்கு 4×4×3=48 என்று போட்டிருக்கிறீர்கள். பெருக்கல் விதி சரிதான், தொடங்கிய இடம்தான் சிக்கல். உயிர்மெய்யில் எந்த மெய்யோடும் எந்த உயிரும் சேரும், அதனால் 18×12=216 என்று நேராகப் பெருக்கலாம். இங்கே முதல் இரண்டு இடங்களில் 2, 4 இரண்டையும் வைத்துவிட்டால் கடைசிக்கு 0 மட்டுமே மிஞ்சும். எப்போதும் 3 வாய்ப்பு இல்லை.

அதனால் கட்டுப்பாடுள்ள கடைசி இடத்தை முதலில் நிரப்புங்கள். அங்கே 0 வந்தால் 4×3=12. 2 அல்லது 4 வந்தால் நூறாமிடத்தில் 0 கூடாது, ஆக 2×3×3=18. மொத்தம் 30.

ஒற்றைப்படை எண்களையும் எண்ணிப் பாருங்கள், 18 வரும். உங்கள் 48 உண்மையில் இரண்டும் சேர்ந்த கணக்கு!