ஸ்பீக்கருக்குப் பக்கத்து மேசை

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. சின்னதிலிருந்தே சத்தம், கூட்டம், பளிச்சென்ற விளக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாது. போன மாதம் நாத்தனார் கல்யாண விருந்தில் ஸ்பீக்கருக்குப் பக்கத்து மேசை. கரோக்கே தொடங்கியதும் தாங்க முடியாமல் கார் நிறுத்தும் இடத்தில் போய் நின்றேன். "ரொம்பத்தான் பிகு பண்ணுறா" என்கிறார் மாமியார். பிறந்த வீட்டில் என் பெயரே தொட்டாச்சிணுங்கி. இது வியாதியா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வியாதி இல்லையம்மா. எனக்கும் இதே கதைதான். ஜார்ஜ்டவுன் லெபோ பசாரில் சேலை எடுக்கப் போனால் இந்தக் கடையில் முருகன் பாட்டு, எதிர்க்கடையில் குத்துப்பாட்டு. இரண்டும் என் மண்டைக்குள் வந்துதான் மோதிக்கொள்ளும். மூன்றாவது கடைக்குள் நுழைவதற்குள் என்ன கலர் எடுக்க வந்தேன் என்பதே மறந்துவிடும்.

அமெரிக்க உளவியலாளர் ஈலேன் ஆரோனும் அவர் கணவர் ஆர்தரும் 1997இல் இந்த அதிகப்படியான கூருணர்வைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பிறவிக் குணம் என்பது அவர்கள் கருத்து. கண்டுபிடிக்க 27 கேள்விகள் வைத்திருக்கிறார்கள். காப்பி குடித்தால் ரொம்பப் பாதிக்கிறதா, அடுத்தவர் மனநிலை உங்களைத் தொற்றுகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். இசை மனதை உருக்குகிறதா என்றும் ஒரு கேள்வி உண்டு. கரோக்கேவுக்குப் பயந்து ஓடும் அதே காதுதான்!

இதையெல்லாம் மாமியாரிடம் விளக்காதீர்கள். விளக்கினால் பிகு இரட்டிப்பாகும். நான் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறிவிட்டு இரண்டு நாள் தலைவலியோடு படுத்துக் கிடந்தவள். இப்போது ஒரு வாரம் முன்பே, விடியற்காலையில் 513 படியும் ஏறி இறங்கிவிடுகிறேன். முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தைப்பூசத்தன்று பந்தலுக்குப் பின்னால் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவேன். வேலை செய்பவளை யாரும் குறை சொல்வதில்லை, பாருங்கள்.

அடுத்த கல்யாணத்தில் வாசலில் சந்தனம், பன்னீர்ச் செம்பு, கற்கண்டுத் தட்டு மூன்றையும் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் மேடைப் பக்கம், நீங்கள் வாசல் பக்கம். "பொறுப்பான மருமகள்" என்ற பெயர் தனி. நாத்தனாருக்கு வளைகாப்பு வந்தாலும் இதே வேலைதான். கணவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், தேடிக்கொண்டு வராமல் இருப்பார்.

ஆனால் தூக்கம் கெட்டாலோ, வீட்டை விட்டு வெளியே போகவே பயமாக இருந்தாலோ டாக்டரைப் பாருங்கள். அது வேறு விஷயம்.

அப்புறம், காதில் பஞ்சு வேண்டாம், ஆல்பத்தில் வெள்ளையாகத் தெரியும். பார்மசியில் காதடைப்பான் விற்கிறார்கள். தோல் நிறத்தில் கேட்டு வாங்குங்கள், ஜிமிக்கி போட்டால் யார் கண்ணிலும் படாது.