தீமூட்டும் பொருட்களை வைக்க இடமுள்ள காட்டுக்கத்தியை எப்படித் தெரிவு செய்வது?

உயிர்காப்புக் கத்தி என்பது, காட்டில் தனித்துவிட்டால் விறகு பிளக்கவும் கயிறு அறுக்கவும் தீ மூட்டவும் ஒருசேர உதவும் உறுதியான கத்தியாகும். தீமூட்டும் பொருட்களுக்காகப் பிடியைக் குடைந்து செய்த கத்திகள் பார்வைக்குக் கவர்ச்சியானவை. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவற்றில் அலகு பிடியின் வாயோடு நின்றுவிடுவதால், பாலை, வீரை போன்ற வன்னிக்காட்டு மரங்களின் வைரம் பாய்ந்த விறகைப் பிளக்கத் தட்டும்போது விசை முழுவதும் அந்தப் பொருத்திலேயே குவிந்து, அது ஆடத் தொடங்கி ஒருநாள் கழன்றுவிடும். ஆழமாக நட்ட வேலிக் கதியால் காற்றுக்கு நிற்கும், மேலாக ஊன்றியது சாயும் என்பதை வேலி அடைத்த எவரும் அறிவர்.

ஆகவே அலகின் உருக்கு பிடியின் கடைசிவரை ஓடும் கத்தியையே எடுங்கள். பொருட்களுக்கான பை உறையில் இருக்கட்டும். அதில் காய்ந்த தேங்காய்த் தும்பைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். மார்கழி மழையில் நெருப்புப்பெட்டி நமத்துப்போகும். உரசினால் தீப்பொறி சிந்தும் உலோகக் கம்பியான ஃபெரோசீரியக் கம்பியை, நனைந்தாலும் துடைத்துவிட்டுக் கத்தியின் முதுகால் உரசலாம். அதற்குக் கத்தியின் முதுகு உருட்டப்படாமல், செங்கோண விளிம்போடு இருப்பது அவசியம்.

பொறி கத்தியிலிருந்து பறப்பதாக எண்ணிப் பலர் கூர்வாயால் உரசி அதைக் கெடுக்கிறார்கள். உண்மையில் எரிவது கம்பியிலிருந்து சீவப்படும் உலோகத் துகளே.