கோயமுத்தூரும் கோயம்புத்தூரும்

கேள்வி: முன்னாள் மாணவர்கள் 1,840 பேரின் முகவரிகளும் குறிப்புகளும் ஒரே கோப்பில் இருக்கின்றன. 'கோயமுத்தூர்' என்பதையெல்லாம் 'கோயம்புத்தூர்' ஆக்க பைத்தான் நிரல்மொழியில் ரீப்ளேஸ் கொடுத்தேன். பாதிதான் மாறியது. 'கோவை'யையும் அப்படியே மாற்றலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: உங்கள் நிரலில் தப்பில்லை. நாம் எழுத்தைப் பார்க்கிறோம், பைத்தான் அதற்குள் இருக்கும் குறியீடுகளைப் பார்க்கிறது.

'கோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதை க, ோ என்று 2 குறியீடுகளாகவும் எழுதலாம். க, ே, ா என்று 3 குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. மாறாத வரியிலிருந்து அந்த 'கோ'வை நகலெடுத்து, குறியீடுகளை எண்ணிச் சொல்லும் லென் போட்டுப் பாருங்கள். 3 வந்தால் காரணம் அதுதான். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதியில் இருக்கும் நார்மலைஸை, பிரிந்த குறியீடுகளை ஒன்றுசேர்க்கும் என்எஃப்சி வடிவம் கேட்டு, கோப்பு முழுவதற்கும் முதலில் ஓட்டுங்கள். தேடும் சொல்லுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்தது 'கோயமுத்தூரில்', 'கோயமுத்தூருக்கு'. ஒரு விழா மலருக்கு மெய்ப்புப் பார்த்தபோது இவற்றைத்தான் தவறவிட்டேன். அச்சான பிறகு பார்த்து மனசு ரொம்ப வலித்தது. 'ர்' என்பது ரகரமும் புள்ளியும். 'ரி'யில் புள்ளி கிடையாது, அதனால் 'கோயமுத்தூர்' என்று தேடினால் 'கோயமுத்தூரில்' அகப்படாது. கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு 'கோயமுத்தூர' என்று தேடி, 'கோயம்புத்தூர' என்று மாற்றுங்கள். பின்னால் புள்ளி இருந்தாலும் இகரம் உகரம் இருந்தாலும் அது தன் இடத்திலேயே நிற்கும். ஒரே வரியில் எல்லா வேற்றுமையும் சரியாகிவிடும். தமிழுக்கு இது எவ்வளவு வசதி பாருங்கள்!

'கோவை'யில் மட்டும் அவசரப்படாதீர்கள். 'கோவையில்' என்பது 'கோயம்புத்தூர்யில்' ஆகிவிடும். கோவைப்புதூர்க்காரர்களின் முகவரியே கெட்டுப்போகும். கோவைக்காயும் தப்பாது. 'கோவையில்' என்பதற்கு 'கோயம்புத்தூரில்', 'கோவைக்கு' என்பதற்கு 'கோயம்புத்தூருக்கு' என்று ஜோடி ஜோடியாகக் கொடுங்கள். என்னைக் கேட்டால், கோவையை விட்டுவிடுங்கள் என்பேன். அது பிழையில்லை, அந்த ஊர்க்காரர்களே எழுதும் பெயர்.

அப்புறம், ரீப்ளேஸ் பழைய சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, தொடாது, புதிதாக ஒன்றைத் தரும். அதை ஒரு மாறியில் வாங்கிப் புதுக் கோப்பில் சேமியுங்கள், மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். மாற்றும் முன்னும் பின்னும் 'கோயமுத்தூர' எத்தனை முறை வருகிறது என்று கவுண்ட் எடுங்கள். பின்னால் பூஜ்யம் வர வேண்டும். வந்தும் கண்ணுக்கு ஒரு கோயமுத்தூர் தென்பட்டால், அந்த ஒரு வரியை மட்டும், ஆளின் பெயரை நீக்கிவிட்டு, எனக்கு அனுப்புங்கள்.