பழைய டிராக்கும் ராத்திரிக் கச்சேரியும்

அன்புள்ள சார்,

சில்வர்ஸ்டோன் (இங்கிலாந்து), ஸ்பா (பெல்ஜியம்), மோன்சா (இத்தாலி) மாதிரி பழைய கார்ப்பந்தய டிராக்குகளை இப்போது பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. டிஜே, ராத்திரிக் கச்சேரி, விஐபி மாடம், ராட்டினம். நடுவில் கொஞ்ச நேரம் கார் ஓடுகிறது. வரலாறு உள்ள இடங்களை அப்படியே விட்டுவைத்தால் என்ன? இப்படிப் பொருட்காட்சி ஆக்குவதற்கு மூடிவிடலாமே.

க.

அன்புள்ள க.,

கோபம் நியாயம்தான். ஆனால் கச்சேரி மேல் எனக்குப் பெரிய புகார் இல்லை. கணக்கைப் பாருங்கள். பந்தயம் நடத்த டிராக்காரர்தான், உலகக் கார்ப்பந்தயத் தொடரான ஃபார்முலா ஒன்னுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். டிராக்கோர விளம்பரக் காசும் பணக்கார விருந்தாளிகளின் காசும் பெரும்பாலும் ஃபார்முலா ஒன்னிடமே போய்விடும், மிஞ்சுவது டிக்கெட். சில்வர்ஸ்டோன் 2010இல் கட்டியது 1.15 கோடி பவுண்டு, வருடத்துக்கு 5 சதவீதம் ஏறி 2017இல் 1.62 கோடி. நஷ்டம் தாங்காமல் அந்த ஆண்டே, இத்தோடு போதும் என்று ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள். 2019இல் புதிதாகப் பேசிய பிறகுதான் பந்தயம் தங்கியது. அரசாங்கமே காசு கொட்டும் அஜர்பைஜானும் சவுதியும் வரிசையில் நிற்கும்போது, ராத்திரி யாராவது பாடித்தான் ஆக வேண்டும்.

அப்புறம், 'அப்படியே விட்டுவைப்பது'. 1966இல் ஸ்பாவில், மழையில் டிராக்கை விட்டுப் பறந்த பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட், பெட்ரோல் கசியும் காருக்குள் சிக்கிக்கொண்டார். ஸ்டீயரிங்கைக் கழற்றினால்தான் ஆளை வெளியே எடுக்க முடியும். கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுராண்டும், அவர்களும் பந்தயம் ஓட்ட வந்தவர்கள்தான், வேடிக்கை பார்க்க வந்த ஒருவரின் டூல்கிட்டிலிருந்து ஸ்பானர் வாங்கிக் கழற்றினார்கள். அந்த 14 கிலோமீட்டர் ஸ்பாவை 1979இல் பாதியாக வெட்டியதற்கு நான் அழமாட்டேன்.

எனக்கு வயிறு எரிவது ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் டிராக்கை நினைத்துத்தான். காட்டுக்குள் ஓடிய நீளமான நேர்ப்பாதைகளை 2002இல் வெட்டிவிட்டு, தாரைப் பெயர்த்து அங்கே மரம் நட்டார்கள். 6.8 கிலோமீட்டர் சுற்று 4.6 ஆனது. 45 சுற்றுப் பந்தயம் 67 சுற்று ஆனது, அதாவது டிக்கெட் வாங்கி ஸ்டாண்டில் உட்கார்ந்தவர் முன்னால் கார் இன்னும் 22 தடவை போகும். வியாபாரமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் அந்த டிராக்கின் சுவையே, காட்டுப்பாதை வேகத்துக்காக விங்கை (காரைத் தரையோடு அழுத்தும் இறக்கையை) குறைத்தால், ஸ்டாண்டுகள் சூழ்ந்த ஸ்டேடியம் வளைவுகளில் கார் வழுக்கும், கூட்டினால் நேர்ப்பாதையில் பின்னால் வருபவன் தாண்டிப் போய்விடுவான் என்ற திண்டாட்டம்தான். அதை வெட்டிக் கொடுத்தும், 2019க்குப் பிறகு அங்கே ஃபார்முலா ஒன் வரவில்லை.

ஜெர்மனியின் இன்னொரு டிராக்கான நூர்பர்க்ரிங் கதை வேறு மாதிரி. அங்கே டிராக்கைத் தொடவில்லை, பக்கத்தில் மாநில அரசின் தயவில் பல கோடி யூரோவுக்கு ஒரு பொழுதுபோக்கு வளாகம் கட்டினார்கள். நிதித் திட்டம் சொதப்பி 2009இல் நிதியமைச்சர் பதவி விலகினார், 2012இல் கம்பெனி திவால். வளாகத்தில் கட்டிய ரோலர் கோஸ்டர் 2013இல் ஒருவழியாகத் திறந்து நான்கே நாள் ஓடியது! இத்தனைக்கும் அதன் பக்கத்திலேயே 1927இல் போட்ட 20.8 கிலோமீட்டர் பழைய டிராக், நார்ட்ஷ்லைஃபே, கிடக்கிறது. பந்தயம் இல்லாத நாட்களில் காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை அதில் ஓட்டலாம். சட்டப்படி சுங்கச் சாலை மாதிரிதான், வலப்பக்கமாக முந்தக்கூடக் கூடாது. அதற்கு வருகிற கூட்டத்துக்கு டிஜே தேவைப்படவில்லை.

ஆகவே என் சண்டை தாரைத் தொடும்போதுதான். வேலிக்கு வெளியே என்ன வேண்டுமானாலும் பாடட்டும். ஸ்பாவில் 2022இல் மேட்டின் மேல் புது ஸ்டாண்ட் கட்டினார்கள். கூடவே மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்காகச் சில வளைவுகளின் ஓரம் ஜல்லியைத் திரும்பக் கொட்டினார்கள், டிராக்கை விட்டு விலகித் தப்பு செய்தால் மறுபடி தண்டனை உண்டு. எனக்கு அது நல்ல பேரம். ஆனாலும் ஒப்பந்தப்படி 2028இலும் 2030இலும் அங்கே ஃபார்முலா ஒன் கிடையாது. முடிந்தால் 2027க்குள் போய்வாருங்கள். கச்சேரி பிடிக்காவிட்டால் சாயங்காலமே கிளம்பிவிடலாம்.